செக்கிங் டேபிளுக்கு ஒரு தொடு எண்ணி: பிகோ போர்டில் ஜாவாஸ்கிரிப்ட், முழுமையான வழிகாட்டி

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் செக்கிங் டேபிள் கணக்கு இன்னும் பெரும்பாலும் அட்டையில் போடும் பென்சில் கோடுதான். நல்ல பீஸ் இத்தனை, ஓட்டை இத்தனை, ஆயில் கறை இத்தனை, தையல் குறை இத்தனை. சாயங்காலம் சூப்பர்வைசர் கோடுகளை எண்ணி நோட்டில் ஏற்றுவார். இதை எலக்ட்ரானிக்ஸாக்கும்போது முதலில் தோன்றுவது அமுக்கும் பட்டன். ஆனால் ஓவர்லாக் மெஷின்கள் ஓடும் ஹாலில் பஞ்சு பறந்துகொண்டே இருக்கும். பட்டனின் இடுக்கில் அது புகுந்து அடைத்துவிட்டால் ஒரு அமுக்கு இரண்டாகப் பதியும், அல்லது பதியவே பதியாது. தொடு சென்சாருக்கு இடுக்கே கிடையாது. 3 மில்லிமீட்டர் அக்ரிலிக் தகட்டின் அடியில் செம்புத் துண்டை ஒட்டினால் போதும், மேலே துணியால் துடைத்துக்கொள்ளலாம்.

இந்த வழிகாட்டியில் ஐந்து தொடு புள்ளிகள் கொண்ட எண்ணி ஒன்றைச் செய்வோம்: நல்லது, ஓட்டை, ஆயில் கறை, தையல் குறை, கடைசியாக ஒரு 'திருத்தம்'. போர்டு ராஸ்பெர்ரி பை பிகோ, மொழி ஜாவாஸ்கிரிப்ட். வெப் டெவலப்மென்ட் தெரிந்து, சால்டரிங் அயர்னை இப்போதுதான் கையில் எடுப்பவரை மனதில் வைத்து எழுதுகிறேன்.

எதை யார் செய்வது

தொடு சென்சாரின் அடிப்படை எளிது. செம்புத் துண்டு ஒரு கெப்பாசிட்டரின் ஒரு பக்கம். விரல் பக்கத்தில் வந்தால் கெப்பாசிடன்ஸ் சில பிகோஃபாரட் கூடும். அந்தக் கூடுதலை அளந்தால் தொட்டது தெரிந்துவிடும்.

சிக்கல் அளப்பதில்தான். போர்டின் பின்னில் 1 மெகாஓம் ரெசிஸ்டரைப் போட்டு, செம்பு சார்ஜ் ஆக எவ்வளவு நேரம் ஆகிறது என்று நிரலிலேயே எண்ணும் முறை ஆர்டுயினோ உலகில் பிரபலம். 10 பிகோஃபாரட் கூடினால் அந்த நேரம் சுமார் 10 மைக்ரோசெகண்ட் கூடும். சி மொழியில் அதை எண்ணிவிடலாம். போர்டுக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்டோ ஒவ்வொரு கட்டளையையும் படித்துப் படித்து ஓடுவது. இரண்டு வரி ஓடி முடிவதற்குள் அந்த 10 மைக்ரோசெகண்ட் போய்விடும். நடுவில் கார்பேஜ் கலெக்ஷன் வந்தால் கணக்கு மொத்தமும் ஆட்டம் காணும்.

அதனால் அளக்கும் வேலையை அதற்கென்றே உள்ள சிப்புக்குக் கொடுத்துவிடுங்கள். ஜாவாஸ்கிரிப்ட் முடிவெடுக்கட்டும்: இது உண்மையான தொடலா, ஈரத்துணி பட்டதா, ஒரே பீஸை இரண்டு முறை தட்டினார்களா, கரண்ட் போனால் எண்ணிக்கை என்ன ஆகும். பிழைப்பெல்லாம் இந்த இரண்டாவது பகுதியில்தான் இருக்கிறது. அதற்கு ஜாவாஸ்கிரிப்ட் ரொம்பச் சௌகரியம்.

வாங்க வேண்டியவை

பிகோ போர்டு ஒன்று. 2021 ஜனவரியில் வந்த பழைய பிகோவே போதும். ஆர்பி2040 சிப், 264 கிலோபைட் ரேம், 2 மெகாபைட் ஃபிளாஷ். வைஃபை உள்ள பிகோ டபிள்யூ இப்போது வேண்டாம். அதில் போர்டு மேலிருக்கும் எல்இடி வேறு வழியில் இணைந்திருப்பதால் முதல் சோதனையே குழப்பும்.

எம்பிஆர்121 மாட்யூல் ஒன்று. ஃப்ரீஸ்கேல் நிறுவனம் உருவாக்கிய சிப் இது. 2015-இல் அந்நிறுவனம் என்எக்ஸ்பியோடு இணைந்துவிட்டது. 12 தொடு புள்ளிகள் வரை பார்க்கும். கூடவே ஒரு டிடிபி223 மாட்யூலும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒற்றைத் தொடு புள்ளி, விலை அற்பம், கம்பி இணைப்பைச் சோதிக்க உதவும். அப்புறம் செம்பு டேப், அக்ரிலிக் தகடு, ஒரு ஆக்டிவ் பஸ்ஸர் (மின்சாரம் கொடுத்தாலே ஒலிப்பது), அதை ஓட்ட ஒரு பிசி547 டிரான்சிஸ்டர், 1 கிலோஓம் ரெசிஸ்டர், ஓர் எல்இடி, மெல்லிய ஒயர். கோவை காந்திபுரம் பக்கம் ஒரு நடை போனால் எல்லாம் கிடைத்துவிடும், ஆன்லைனிலும் வாங்கலாம்.

பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதற்கென்றால் இவ்வளவு வேண்டாம். 2020-இல் வந்த மைக்ரோபிட் இரண்டாம் பதிப்பில் லோகோவே தொடு சென்சார். மேக்கோடில் ஜாவாஸ்கிரிப்ட் பக்கத்துக்கு மாறி நாலு வரி எழுதினால் போதும். ஜானி-ஃபைவ் என்ற நூலகத்தையும் சிலர் சொல்வார்கள். அதில் ஜாவாஸ்கிரிப்ட் ஓடுவது கம்ப்யூட்டரில், போர்டு அது சொல்வதைச் செய்யும். செக்கிங் டேபிளில் கம்ப்யூட்டரை நிரந்தரமாக வைக்க முடியாது என்பதால் நமக்கு ஆகாது.

முதல் படி: கலுமாவை ஏற்றுதல்

பிகோவுக்குள் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டுவது கலுமா என்ற ஃபர்ம்வேர். உள்ளே இருப்பது ஜெர்ரிஸ்கிரிப்ட், சிறிய போர்டுகளுக்காகவே எழுதப்பட்ட எஞ்சின். கலுமா தளத்தில் பிகோவுக்கான யுஎஃப்2 கோப்பை இறக்கிக்கொள்ளுங்கள். போர்டிலுள்ள பூட்செல் பட்டனை அமுக்கிப் பிடித்தபடியே யுஎஸ்பி கேபிளைச் செருகினால், பென் டிரைவ் போல ஒரு டிரைவ் திறக்கும். கோப்பை அதில் இழுத்துப் போட்டால் போர்டு தானே ரீஸ்டார்ட் ஆகும். டிரைவ் திறக்கவே இல்லையென்றால் முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். சார்ஜிங்குக்கு மட்டுமே ஆகும் கேபிள்கள் வீட்டில் நிறையக் கிடக்கும்.

குரோமில் கலுமாவின் வெப் ஐடிஇ-யைத் திறந்து போர்டோடு இணையுங்கள். முதல் நிரல், போர்டு மேலிருக்கும் எல்இடி மின்னுவது: பின்மோட் மூலம் 25-ஆம் பின்னை அவுட்புட் ஆக்குங்கள்; செட்இன்டர்வலுக்குள் டிஜிட்டல்டாகிள் 25, இடைவெளி 1000. பிரவுசரில் எழுதும் அதே செட்இன்டர்வல்தான் இங்கும்.

இப்போதே ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நிரலில் முடிவில்லா லூப் மாட்டிக்கொண்டால் போர்டு ஐடிஇ-க்குப் பதில் சொல்லாது. ஜிபி22 பின்னை கிரவுண்டோடு இணைத்துவிட்டு மின்சாரம் கொடுத்தால், கலுமா உங்கள் நிரலை ஓட்டாமல் எழும்பும். போர்டில் ஜிபி22 என்பது 29-ஆம் கால், பக்கத்து 28-ஆம் கால் கிரவுண்ட். ஒரு சிறு ஜம்பர் ஒயர் போதும்.

இரண்டாம் படி: ஒற்றைத் தொடலைப் படித்தல்

டிடிபி223-இல் மூன்று கால்கள்தான். மின்சாரக் காலை பிகோவின் 3.3 வோல்ட் வெளியீட்டுக்கும் (36-ஆம் கால்), கிரவுண்டை 38-ஆம் காலுக்கும், வெளியீட்டை ஜிபி15-க்கும் (20-ஆம் கால்) கொடுங்கள். இந்தச் சிப் 5 வோல்ட்டிலும் ஓடும், ஆனால் அப்போது வெளியீடும் 5 வோல்ட்டாக வரும். பிகோவின் பின்கள் 3.3 வோல்ட்டுக்கானவை.

நிரலில் 15-ஆம் பின்னை இன்புட் புல்டவுன் (எதுவும் வராதபோது பின் கீழேயே நிற்கும்) ஆக்கி, செட்வாட்ச் எழுதுங்கள். முதல் ஆர்கியூமென்ட் ஃபங்ஷன், இரண்டாவது பின் எண் 15, மூன்றாவது ரைசிங் (பின் கீழிருந்து மேலே ஏறும் கணம்), நான்காவது டிபவுன்ஸ் 50 மில்லிசெகண்ட். ஃபங்ஷனுக்குள் எண்ணிக்கையை ஒன்று கூட்டி கன்சோல்லாக் செய்யுங்கள். கிளிக் ஈவென்ட் எழுதிப் பழகியவருக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை.

அக்ரிலிக்கை மேலே வைத்துத் தொட்டுப் பாருங்கள், எண் ஏறும். மாட்யூலில் ஏ, பி என்று இரண்டு சால்டர் புள்ளிகள் உண்டு. ஒன்று வெளியீட்டைத் தலைகீழாக்கும், மற்றொன்று தொடத் தொட ஆன்-ஆஃப் ஆக மாற்றும். இரண்டையும் தொடாதீர்கள். மாற்றும் வேலை நிரலில் இருப்பதே நல்லது. ஐந்து புள்ளிக்கு ஐந்து டிடிபி223 வாங்கினால் போதாதா என்று கேட்கலாம். ஓடும்தான். ஆனால் அது தொட்டதா இல்லையா என்பதை மட்டுமே சொல்லும், எவ்வளவு மாற்றம் என்ற எண்ணைத் தராது. ஹாலில் தகராறு வரும்போது அந்த எண் இல்லாமல் தடவ வேண்டியிருக்கும்.

மூன்றாம் படி: எம்பிஆர்121

இணைப்பு நான்கு ஒயர்கள். 3.3 வோல்ட், கிரவுண்ட் முன்பு போலவே. எஸ்டிஏ ஜிபி4-க்கு (6-ஆம் கால்), எஸ்சிஎல் ஜிபி5-க்கு (7-ஆம் கால்). சிப்பின் உச்ச வரம்பு 3.6 வோல்ட். யுஎஸ்பி-யின் 5 வோல்ட் வரும் 40-ஆம் காலில் கொடுத்தால் சிப் போய்விடும்.

இது ஐ2சி வழியாகப் பேசும், அதாவது எஸ்டிஏ, எஸ்சிஎல் என்ற இரண்டே ஒயர்களில் சிப்புகள் பேசிக்கொள்ளும் முறை. முகவரி 90. டேட்டாஷீட்டில் எல்லாம் ஹெக்ஸ் எண்ணில் இருக்கும். ஜாவாஸ்கிரிப்ட் சாதாரண எண்ணையும் ஏற்கும் என்பதால் இங்கே சாதாரண எண்ணிலேயே தருகிறேன். ரிக்வயர் மூலம் ஐ2சி மாட்யூலை எடுத்து, 0-ஆம் பஸ்ஸை எஸ்டிஏ 4, எஸ்சிஎல் 5, வேகம் 100000 என்று திறந்துகொள்ளுங்கள். எழுத மெம்ரைட், படிக்க மெம்ரீட். ரெஜிஸ்டர் (சிப்புக்குள் எண்ணிட்டு வைத்திருக்கும் சின்ன நினைவறை) எண்ணையும் மதிப்பையும் வாங்கி, மதிப்பை ஒற்றை பைட் யுஇன்ட்8அர்ரே ஆக்கி, 90-ஆம் முகவரிக்கு மெம்ரைட் செய்யும் ஒரு சின்ன ஃபங்ஷனை எழுதி வைத்துக்கொண்டால் மீதியெல்லாம் ஒரு வரி வேலை.

முதலில் 128-ஆம் ரெஜிஸ்டரில் 99 எழுதுங்கள், அது ரீசெட். பிறகு 93-ஆம் ரெஜிஸ்டரைப் படியுங்கள். 36 வந்தால் சிப் உயிரோடு இருக்கிறது, ஒயரும் சரி. 36 வராமல் அடுத்த அடி வைக்க வேண்டாம். எஸ்டிஏ-வும் எஸ்சிஎல்-லும் இடம் மாறியிருக்கிறதா பாருங்கள்.

இனி அமைப்புகள். 94-ஆம் ரெஜிஸ்டர்தான் சிப்பின் மெயின் ஸ்விட்ச். அது 0-இல் இருக்கும்போதுதான் மற்ற அமைப்புகளை மாற்ற முடியும், அதனால் வரிசை முக்கியம் (இடப்பக்கம் ரெஜிஸ்டர் எண், வலப்பக்கம் அதில் எழுத வேண்டிய மதிப்பு):

94 ← 0
43 ← 1, 44 ← 1, 45 ← 14, 46 ← 0
47 ← 1, 48 ← 5, 49 ← 1, 50 ← 0
65, 67, 69, 71, 73 ← 12
66, 68, 70, 72, 74 ← 6
91 ← 17
92 ← 16
93 ← 34
123 ← 11, 125 ← 200, 126 ← 130, 127 ← 180
94 ← 133

43 முதல் 50 வரை, தொடாத நிலையின் அளவை, அதாவது பேஸ்லைனை, சிப் எவ்வளவு வேகமாகத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பது. சித்திரை வெயிலில் காய்ந்த ஹாலும் ஐப்பசி அடைமழையில் ஈரம் ஏறிய ஹாலும் ஒன்றல்ல; இஸ்திரி டேபிள் ஆவி பக்கத்திலிருந்தால் ஒரே நாளிலேயே மாறும். அந்த மெதுவான மாற்றத்தைச் சிப் தானே பின்தொடரும். 65 முதல் உள்ள ஒற்றை எண்கள் தொடல் வரம்பு, இரட்டை எண்கள் விடுதல் வரம்பு. இரண்டும் வேறுவேறாக இருப்பதால்தான் விளிம்பில் நிற்கும் விரல் படபடவென்று பல முறை பதியாது.

93-ஐ 36-இலிருந்து 34 ஆக்குவதற்குக் காரணம் உண்டு. சிப் நான்கு மாதிரிகளைச் சேர்த்துத்தான் ஒரு முடிவுக்கு வரும். 36 என்றால் மாதிரிக்கு மாதிரி 16 மில்லிசெகண்ட், ஆக 64 மில்லிசெகண்ட். 91-ஆம் ரெஜிஸ்டரில் 17 எழுதி இரண்டு முறை உறுதிசெய்யச் சொல்லியிருக்கிறோம், அப்போது 128 ஆகிவிடும். பழகிய செக்கிங் அக்காவின் கை அதைவிட வேகமானது. 34 என்றால் இடைவெளி 4 மில்லிசெகண்ட். உறுதிசெய்வதோடு சேர்த்து 32 மில்லிசெகண்டில் பதில் வந்துவிடும்.

123 முதல் 127 வரை தானியங்கி அமைப்பு. ஐந்து செம்புத் துண்டுகளுக்கும் ஒயர் நீளம் ஒன்றாக இருக்காது, எனவே ஒவ்வொன்றுக்கும் சார்ஜ் செய்யும் மின்னோட்டத்தை சிப்பே தேர்ந்துகொள்ளும். 200 எங்கிருந்து வந்தது? மின்னழுத்தத்திலிருந்து 0.7-ஐக் கழித்து, மின்னழுத்தத்தாலேயே வகுத்து, 256-ஆல் பெருக்க வேண்டும். 3.3-க்கு அது சுமார் 201. அதில் 90 சதவீதம் 180, 65 சதவீதம் 130. கடைசி வரியிலுள்ள 133, ஐந்து புள்ளிகளை ஓட்டத் தொடங்கு என்பது. 12 புள்ளியும் வேண்டுமானால் 143. அந்தக் கணத்தில் பலகையை யாரும் தொட்டுக்கொண்டிருக்கக் கூடாது.

நான்காம் படி: பலகையும் வரம்பும்

செம்பு டேப்பை 2 சென்டிமீட்டர் சதுரங்களாக வெட்டி, அக்ரிலிக்கின் அடியில் காற்றுக் குமிழி இல்லாமல் ஒட்டுங்கள். சதுரங்களுக்கிடையே 2 சென்டிமீட்டராவது விடுங்கள். ஒயர் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. மெஷின் மோட்டார் ஒயர்களோடு சேர்த்துக் கட்ட வேண்டாம். டேபிள் சட்டம் இரும்பாக இருந்தால் செம்புக்கும் இரும்புக்கும் நடுவே மரக்கட்டை வைத்து ஒரு சென்டிமீட்டர் உயர்த்துங்கள். சன்மைக்கா ஒட்டிய பிளைவுட்டின் அடியில் வைத்தால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அந்தத் தடிமனுக்கு இந்தச் சிப் தாங்காது. கட்டிங் மாஸ்டர் போடும் ஸ்டீல் கையுறையோடு தொட்டாலும் பதியும். தடித்த ரப்பர் கையுறையில் தடுமாறும்.

வரம்பு 12, 6 என்று எழுதியது தொடக்கத்துக்குத்தான். உங்கள் பலகையின் எண்ணை நீங்களே பார்க்க வேண்டும். 4-ஆம் ரெஜிஸ்டரிலிருந்து 10 பைட் படித்தால் ஐந்து புள்ளிகளின் இப்போதைய அளவு, இரண்டிரண்டு பைட்டாக, சின்ன பைட் முதலில். 30-இலிருந்து 5 பைட் பேஸ்லைன். இதை மட்டும் நான்கால் பெருக்க வேண்டும். பேஸ்லைனிலிருந்து அளவைக் கழித்து, அரை விநாடிக்கு ஒரு முறை கன்சோலில் காட்டுங்கள். விரல் பட்டால் கெப்பாசிடன்ஸ் கூடுகிறது, அதே சார்ஜுக்கு மின்னழுத்தம் குறைகிறது. ஆகவே தொடும்போது அளவு இறங்கும், கழித்தால் நேர்மறை எண் வரும். தொடாதபோது அது சுழியைச் சுற்றி நாலைந்துக்குள் ஆடும். தொட்டால் 20 வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், தொடல் வரம்பு 10, விடுதல் 6 சரியாக இருக்கும். தொட்டாலும் 8-தான் வருகிறது என்றால் வரம்பைக் குறைத்து ஒப்பேற்ற வேண்டாம். செம்பைப் பெரிதாக்குங்கள், அல்லது அக்ரிலிக்கை மெலிதாக்குங்கள்.

இந்த அளவை வீட்டு மேஜையில் எடுத்தால் பயனில்லை. தொடலுக்கு உங்கள் உடம்பு, தரை, அடாப்டர் எல்லாம் சேர்ந்துதான் சுற்று முழுமையாகிறது. சார்ஜரில் இருக்கும் லேப்டாப்பில் வரும் எண் ஒன்று, பவர் பேங்கில் வருவது இன்னொன்று. பவர் பேங்க் எர்த்தோடு சேராததால் பெரும்பாலும் உணர்திறன் குறையும். ஆகவே கடைசியாக எந்த அடாப்டரோ அதை மாட்டி, எந்த ஹாலோ அங்கேயே மெஷின்கள் ஓடும்போது எடுங்கள். யாரும் தொடாமலே எண் ஏறினால் பவர் பேங்கில் ஓட்டிப் பாருங்கள். பேய்த் தொடல் நின்றுவிட்டால் குற்றவாளி அடாப்டர். மலிவான இரண்டு முள் அடாப்டர்களின் இரைச்சல் தொடு சென்சாருக்குப் பெரிய எதிரி. நல்லதாக ஒன்று வாங்கி மாற்றுங்கள். நின்றபாடில்லை என்றால் ஒயர் போகும் வழியைப் பாருங்கள், சர்வோ மோட்டார் டப்பா பக்கத்தில் இருக்கலாம்.

ஐந்தாம் படி: முடிவெடுக்கும் நிரல்

மாட்யூலில் ஐஆர்க்யூ என்ற கால் உண்டு, தொடல் மாறினால் கீழே இறங்கும். அதை செட்வாட்சில் மாட்டலாம். ஆனால் ஒரு முறை தவறவிட்டால், நிலையை யாராவது படிக்கும் வரை அது கீழேயே நிற்கும், அடுத்த தொடலும் தெரியாது. என் ஓட்டு 20 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை போய்ப் பார்க்கும் செட்இன்டர்வலுக்கே. இந்த வேலைக்கு அது தாராளம்.

உள்ளே நடப்பது இதுதான். 0-ஆம் ரெஜிஸ்டரிலிருந்து 2 பைட் படித்து, இரண்டாவதை எட்டு பிட் இடப்பக்கம் தள்ளி முதலாவதோடு சேர்த்து, 31-ஓடு பிட்வைஸ் அண்ட் செய்யுங்கள். கிடைப்பது இப்போதைய நிலை. அதில் முந்தைய நிலையில் இல்லாத பிட்டுகள் மட்டுமே புதுத் தொடல். இப்போதையதை, முந்தையதன் தலைகீழோடு அண்ட் செய்தால் வந்துவிடும். முந்தையதைப் புதுப்பிக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் விரல் இருக்கும் நேரமெல்லாம் எண்ணிக்கொண்டே போகும்.

அடுத்தது வடிகட்டல். ஒரே நேரத்தில் இரண்டு புள்ளிகள் தொடப்பட்டால் அது விரலல்ல. முழங்கையோ, ஆவி இறங்காத பனியன் கட்டோ. நிலையை, அதில் ஒன்று குறைத்த எண்ணோடு அண்ட் செய்து பூஜ்யம் வராவிட்டால் ஒன்றுக்கு மேல் இருக்கிறது என்று பொருள், எண்ணாமல் விட்டுவிடுங்கள். ஒரே புள்ளி 150 மில்லிசெகண்டுக்குள் மறுபடி வந்தாலும் விடுங்கள். நேரத்துக்கு மில்லிஸ் ஃபங்ஷன் இருக்கிறது. ஒரு புள்ளி பத்து விநாடி விடாமல் தொட்ட நிலையிலேயே இருந்தால் ஏதோ பொருள் மேலே கிடக்கிறது. 94-இல் 0 எழுதி மறுபடி 133 எழுதினால் சிப் புதிதாகப் பேஸ்லைன் எடுத்துக்கொள்ளும்.

தப்பாமல் நின்ற தொடலை எண்ணிக்கையில் கூட்டி, எந்தப் புள்ளி என்பதை ஓர் அர்ரேயில் புஷ் செய்யுங்கள். 'திருத்தம்' தொட்டால் பாப் செய்து, வந்த புள்ளியின் எண்ணிக்கையை ஒன்று குறையுங்கள். அர்ரே வளர்ந்து ரேமைத் தின்னாமல் கடைசி 20-ஐ மட்டும் வைத்தால் போதும்.

தொடு பலகைக்குக் கிளிக் சத்தம் கிடையாது. புதிதாக உட்காருபவர் கேட்கும் முதல் கேள்வியே இப்படித்தான் இருக்கும்:

"ஏந்தம்பி, இத அமுத்தோணுமா, தொட்டாப் போதுமா?"

"தொட்டாப் போதுமுங்கக்கா. பீப்னு கேட்டா ஏறிருச்சுன்னு அர்த்தம்."

ஆகவே பஸ்ஸர் கட்டாயம். ஜிபி16-இலிருந்து 1 கிலோஓம் வழியாக பிசி547-இன் பேஸுக்குக் கொடுத்து, பஸ்ஸரை அதன் கலெக்டரில் மாட்டுங்கள். நல்லதுக்கு 30 மில்லிசெகண்ட் ஒரு பீப், குறைக்கு இரண்டு. மெஷின் இரைச்சலில் பீப் அமுங்கிப்போகும், அதனால் எல்இடி-யும் கூடவே மின்னட்டும்.

கரண்ட் போனால் ரேமில் உள்ளது போய்விடும். கலுமாவின் ஸ்டோரேஜில் செட்ஐட்டம் செய்தால் ஃபிளாஷில் நிற்கும், மதிப்பை ஸ்ட்ரிங் ஆக்கிக் கொடுங்கள். ஆனால் ஒவ்வொரு தொடலுக்கும் எழுதாதீர்கள். பிகோவில் உள்ளது போன்ற ஃபிளாஷ் சிப்புகளில் ஓர் இடத்தை ஒரு லட்சம் முறை அழித்தெழுதலாம் என்பதுதான் உத்தரவாதம். நாளுக்கு 2,000 பீஸ் என்றால் 50 நாளில் அந்தக் கணக்கு தீர்ந்துவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, அதுவும் எண்ணிக்கை மாறியிருந்தால் மட்டும் எழுதினால் எட்டு மணி நேர ஷிஃப்டுக்கு 96 தடவைதான். ஆயிரம் நாளுக்கு மேல் போகும். கரண்ட் போனால் அதிகபட்சம் ஐந்து நிமிடக் கணக்கு போகும். அதுவும் கூடாதென்றால் அடாப்டருக்கும் பிகோவுக்கும் நடுவே சின்ன யுபிஎஸ் மாட்யூல் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். போட்ட பிறகு நான்காம் படியில் எடுத்த எண்களை மறுபடி சரிபாருங்கள்.

பக்கத்து டேபிளுக்கும் வேண்டுமென்றால் இன்னொரு பிகோ தேவையில்லை. இரண்டாவது எம்பிஆர்121-ஐ அதே நான்கு ஒயர்களில் இணைத்து, அதன் ஏடிடி காலை 3.3 வோல்ட்டுக்குக் கொடுத்தால் முகவரி 91 ஆகிவிடும். சில மாட்யூல்களில் ஏடிடி முன்பே கிரவுண்டோடு இணைந்திருக்கும். மாட்யூலின் பின்பக்கத்தில் உள்ள அந்த மெல்லிய இணைப்பை முதலில் பிளேடால் வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் 3.3 வோல்ட் நேராகக் கிரவுண்டில் ஷார்ட் ஆகும். டேபிள்களுக்கிடையே ஐ2சி ஒயர் ஒரு மீட்டருக்குள் இருக்கட்டும்.